எழுதப் படிக்க எங்கே போவது? சிங்கப்பூரில் ஐந்து வழிகள்

"பொண்ணு நல்லா எழுதுறா. எழுத்தைத்தான் படிப்பேன்னு ஒரே அடம். அதுக்குன்னு இங்க படிப்பு இருக்கா? இருந்தா சோறு போடுமாங்க?"

உயர்நிலை நான்கில் மகள் படிக்கும் ஒரு தாயார் அனுப்பிய செய்தி இது. அதே வாரத்தில் இன்னும் இருவர் கேட்டார்கள். ஒருவருக்கு முப்பத்தாறு வயது, திருச்சிக்காரர், சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். பதினைந்து சிறுகதை எழுதி வைத்திருக்கிறார். முதுகலை படித்தால் கதை மேம்படுமா என்பது அவருடைய கேள்வி. இன்னொருவர் பாலர் பள்ளி ஆசிரியை. தமிழில் பட்டம் வாங்குவதா, ஆங்கிலத்திலா என்று இரண்டு வருடமாக ஊசலாடுகிறார்.

மூவருக்கும் தனித்தனியே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் பார்த்தால் எல்லாம் ஒரே கடிதமாக இருந்தது. அதனால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் பதினெட்டு வருடமாக ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று சம்பாதிப்பவள். மொழிபெயர்ப்பு, திரையின் கீழே ஓடும் வசன வரிகள், விளம்பர வாசகம், எப்போதாவது ஒரு கதை. எனக்குச் சார்பு உண்டு. படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மொழி. நம் பிள்ளைகள் தாய்மொழிப் பாடம் தவிர எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். "எழுத்து" என்று அவர்கள் சொல்லும்போது எந்த மொழியைச் சொல்கிறார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆனால் இங்கே கல்லூரிகளில் படைப்பெழுத்து என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுத நினைப்பவருக்கும் ஆங்கிலத்தில் எழுத நினைப்பவருக்கும் வழிகள் வாசலிலேயே பிரிந்துவிடுகின்றன.

இரண்டாவது, பக்கமும் பென்சிலும். ஒரு பருவத்தில் எத்தனை பக்கம் எழுத வைப்பார்கள்? அதைக் கையில் பென்சிலோடு படிக்கப் போகிறவர் யார்? கல்லூரியின் வண்ணக் கையேட்டில் இந்த இரண்டும் இருக்காது. வரவேற்பு நாளில் போய், "போன வருடம் ஒரு மாணவர் எழுதி, ஆசிரியர் திருத்திய தாள் ஒன்றைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டினால் அந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

அப்புறம் காசு, காலம், முடித்தபின் கிடைக்கும் வேலை. இவற்றை எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் மூன்றாவதாக வைக்கிறேன். கடைசியாகக் கூட்டாளிகள். எழுதுகிறவனுக்குத் தன் வயதில் எழுதும் நாலு பேர் வேண்டும். கல்லூரி தருகிற பெரிய லாபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

## வழி 1: பலதுறைத் தொழிற்கல்லூரியில் மாஸ் காம்

மூன்று வருடம். நீ ஆன், ரிபப்ளிக் என்ற இரண்டு கல்லூரிகளிலும் மாஸ் காம், அதாவது வெகுஜனத் தொடர்பு, டிப்ளோமா இருக்கிறது. தெமாசெக்கில் தகவல் தொடர்பையும் ஊடக நிர்வாகத்தையும் சேர்த்துப் படிக்கலாம். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கும் புதிய ஊடகத்துக்கும் எழுதக் கற்பிக்கிற டிப்ளோமாவே இருந்தது. அந்தப் பெயர் இப்போது இல்லை. ஊடகம், கலை, வடிவமைப்பு என்ற பரந்த படிப்புக்குள் அது போய்விட்டது. பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் தலைப்பை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

இங்கே பக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. செய்தி, நேர்காணல், ஊடக அறிக்கை, முப்பது வினாடி விளம்பரம், குறும்படத்துக்குத் திரைக்கதை என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னூறு வார்த்தை கேட்டால் முன்னூறுதான். வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். பதினேழு வயதில் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. தொழில்முறை எழுத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியவில்லை.

வெளியே தெரியாத செலவுகள் இரண்டு. வேலையில் பெரும்பகுதி குழுவேலை. நாலு பேர் கொண்ட குழுவில் நன்றாக எழுதும் பிள்ளையின் தலையிலேயே எல்லா எழுத்தும் விழும், மதிப்பெண்ணை மட்டும் நால்வரும் பகிர்ந்துகொள்வார்கள். இன்னொரு செலவு எனக்கு வலிப்பது. அந்த மூன்று வருடமும் பிள்ளை தமிழில் ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்காது. தமிழ் ஊடகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளையர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். யோசனையில் மின்னல், காட்சியில் தேர்ச்சி, ஆனால் ணகரமா னகரமா என்று வந்தால் திகைத்து நிற்பார்கள். குறை அவர்களுடையதல்ல, இடையில் விழுந்த மூன்று வருடம்.

நீ ஆனில் தமிழையும் பாலர் கல்வியையும் சேர்த்துப் படிக்கிற டிப்ளோமா ஒன்றும் உண்டு. அது பாலர் பள்ளித் தமிழாசிரியர்களை உருவாக்க வந்தது. சிறுவர் கதை, பாட்டு, நாடகம் பக்கம் மனம் சாய்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு கதவுதான்.

மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை என்பதும் இந்த வழியின் நன்மை. முன்கூட்டிய சேர்க்கை, அதாவது எல்லோரும் ஈஏஇ என்று சொல்வது, உயர்நிலை நான்கின் நடுவிலேயே வரும். ஆர்வத்தையும் செய்த வேலையையும் காட்டி, நேர்காணலில் பேசி, தேர்வு முடிவுக்கு முன்பே இடம் வாங்கிவிடலாம்.

## வழி 2: பல்கலைக்கழகம்

இதற்குள் இரண்டு கிளைகள்.

தொழில் எழுத்துக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி. 1992-ல் தொடங்கியது, படிப்பு நான்கு வருடம், நடுவில் நீண்ட வேலைப் பயிற்சி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தகவல் தொடர்புக்கும் புதிய ஊடகத்துக்கும் ஒரு துறை உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் எழுதியதையே இங்கே ஆய்வும் கோட்பாடும் சேர்த்து எழுதுவீர்கள். சம்பளப் படி கொஞ்சம் மேலே தொடங்கும். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மற்றக் கிளை ஆங்கில இலக்கியம். நன்யாங்கில் ஆங்கிலத்தை முதன்மையாக எடுத்து, படைப்பெழுத்தைத் துணைப்பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கேதான் பட்டறை வகுப்பு என்பதை முதன்முதலாகப் பார்ப்பீர்கள். 1936-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வேரூன்றி உலகம் முழுக்கப் பரவிய முறை இது. ஒருவர் தன் கதையை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். வகுப்பில் மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் வாயே திறக்கக்கூடாது, கேட்டுக் குறித்துக்கொள்ள மட்டும் அனுமதி.

அப்படி ஒரு பட்டறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். செங்காங்கில் புது வீவக வீட்டுக்கு, அதாவது அரசு அடுக்குமாடி வீட்டுக்கு, குடிபோகும் குடும்பம், பாட்டி பால் காய்ச்சுகிறார், மகனும் மருமகளும் சாவியை வைத்துச் சண்டை போடுகிறார்கள். இதுதான் கதை. இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். "பாலை ஏன் காய்ச்சுகிறார்கள், அதை விளக்க வேண்டாமா?" என்றார் ஒருவர். "பாட்டிக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை. எதுவும் வேண்டாத ஆளைப் பற்றி நான் ஏன் படிக்க வேண்டும்?" என்றார் இன்னொருவர். முதல் கேள்வி எரிச்சலூட்டியது. இரண்டாவது கேள்வி மூன்று நாள் தூங்கவிடவில்லை. பாட்டிக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அதே கதையைப் பின்னால் தமிழில் எழுதி நூலகக் கூட்டம் ஒன்றில் வாசித்தேன். முதல் கருத்து, "வீட்டு பால் இல்லீங்க, வீட்டுப் பால். ஒற்று மிகும்." இரண்டாவது கருத்தும் ஒற்றுதான். மூன்றாவதாகப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "அம்மா, பால் எந்தப் பக்கம் பொங்கி வழிஞ்சதுன்னு சொல்லலையே?" கிழக்கே வழிந்தால் நல்லது என்பதை ஆங்கிலப் பட்டறையில் யாரும் அறிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதாமல் விட்டிருந்தேன். பாட்டிக்கு வேண்டியதும் அதற்குள்தான் இருந்தது. அவர் கவலை சாவியைப் பற்றியதே அல்ல. வழிந்த திசையை மறைக்க, யாரும் பார்ப்பதற்குள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆங்கில அறையில் கதையின் எலும்பைத் தட்டிப் பார்த்தார்கள். தமிழ் அறையில் ஒற்றையும் சடங்கையும் பார்த்தார்கள். அந்த ஒரு கதைக்கு எனக்கு இரண்டு அறையும் தேவைப்பட்டன.

இந்தக் கிளையின் மறைசெலவு, கவிதைக்கும் மதிப்பெண் போடுவார்கள் என்பது. சராசரி குறைந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த மாதிரி எழுதப் பழகிவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதலாக இன்னொரு பாரம்: எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே எழுதுவது. தாத்தாவை, தாலியை, தேக்காவை. நாலு வருடம் விளக்கிப் பழகிய கை, பிறகு விளக்காமல் எழுதத் திணறும். இவற்றோடு, நன்யாங் போகப் பூன் லேயில் இறங்கி 179-க்கோ 199-க்கோ பேருந்து வரிசையில் நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஆங்கிலத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற, ஆனால் செய்தியாளரா கதைசொல்லியா என்று இன்னும் முடிவுசெய்யாத பிள்ளைக்கு இது பொருந்தும்.

## வழி 3: தமிழ்மொழியும் இலக்கியமும்

சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம் பகுதிநேரமாகப் படிக்கலாம். 2017 வரை சிம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்த இடம்தான். கிளமெண்டி சாலை வளாகத்தில் வகுப்பு, வார நாளில் இரவு ஏழு முதல் பத்து. வேலையை விடாமல் படிக்கலாம். குடிமக்களுக்கு அரசு மானியம் உண்டு.

படைப்பெழுத்துப் படிப்பு என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். சங்க இலக்கியம், இலக்கணம், மொழியியல், தற்கால இலக்கியம், இந்த மண்ணின் தமிழ் இலக்கியம் என்று படிப்பின் பாரம் முழுக்கப் படிப்பதில்தான் இருக்கும். எழுதுவது பெரும்பாலும் கட்டுரை. ஆனால் நாலு வரியில் ஒரு பெண்ணின் காத்திருப்பையும் ஒரு ஊரின் மழையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிற குறுந்தொகைப் பாட்டுகளில் ஐம்பதை ஊன்றிப் படித்தவருக்குச் சிறுகதையில் எதை வெட்ட வேண்டும் என்று தனியாக யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டறை சொல்லித் தராத பாடம் இது.

மறைசெலவு குடும்பத்தின் தலையில் விழும். பத்து மணிக்கு வகுப்பு முடிந்து ஈசூனுக்கோ தெம்பனிசுக்கோ வீடு சேர பதினொன்று. பிள்ளைகள் தூங்கியிருக்கும். வாரத்தில் இரண்டு இரவு இப்படி, நாலு வருடமோ அதற்கு மேலோ. இதைத் தாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் இன்னொருவர் சமைத்ததால்தான் தாங்கினார்கள். இன்னொரு செலவையும் சொல்லியாக வேண்டும். படிக்கும் காலத்தில் கதை எழுதுவது நின்றுபோகும். திருவள்ளுவரையும் கம்பரையும் படித்துவிட்டு வந்து தன் வரியைப் பார்த்தால் யாருக்கும் கை கூசும். ஒரு வருடம் கழித்து அது சரியாகிவிடும்.

வேலையைப் பொறுத்தவரை ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, தமிழ் ஊடகம். நம் ஊடகம் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரு நாளிதழ், ஒரு தொலைக்காட்சி ஒளிவழி, ஒரு வானொலி, ஒரு செய்தித்தளம். தமிழ் முரசு, வசந்தம், ஒலி 96.8, செய்தி என்று ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். இடம் காலியாவதற்குக் காத்திருக்க வேண்டும்.

ஆசிரியராவதுதான் நோக்கம் என்றால் தேசிய கல்விக் கழகம் நேர்வழி. அங்கே படிக்கும்போது கல்வி அமைச்சுக்குக் கட்டுப்பட்டிருப்பீர்கள், முடித்தபின் இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம் உண்டு. சம்பாதித்துக்கொண்டே எழுத நினைப்பவருக்கு அது ஒரு பாதுகாப்பு. நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் தமிழாசிரியர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இணையத்தில் தமிழ் ஏறுவதற்கு முன்னோடியாக உழைத்த சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமியும் அந்தக் கழகத்தில் கற்பித்தவர்தான்.

முழுநேரமாகத் தமிழ் படிக்க வேண்டுமானால் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் இருக்கின்றன. போகும் முன் அந்தப் பட்டத்தை இங்கே எந்த வேலைக்கு ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

## வழி 4: படைப்பெழுத்தில் முதுகலை

லாசால் கலைக் கல்லூரியில் படைப்பெழுத்துக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. ரோச்சோர் எம்ஆர்டிக்குப் பக்கத்தில், தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் சேர்ந்த சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் 2024-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதன்பின் பட்டம் யார் பெயரில் வருகிறது, கட்டணம் எவ்வளவு, மானியம் உண்டா என்பதையெல்லாம் சேரும் ஆண்டில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாடு என்றால் பிரிட்டனில் ஒரு வருடம். அங்கே இந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தது ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம், 1970-ல். அமெரிக்காவில் இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். சில இடங்களில் கட்டணத்தைத் தள்ளிக் கொஞ்சம் சம்பளமும் தருவார்கள், ஆனால் போட்டி கடுமை.

இங்கே உங்கள் கையெழுத்துப்படிதான் பாடநூல். ஒரு நாவலை அல்லது தொகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வரலாம். எனவே என் கருத்து ஒன்றே: பாதிக் கையெழுத்துப்படி கையில் இல்லாமல் சேராதீர்கள். காலிக் கையோடு போனால் முதல் ஆறு மாதம் என்ன எழுதுவது என்று யோசிப்பதிலேயே போய்விடும். அந்த யோசனைக்கு இவ்வளவு கட்டணம் அதிகம். தமிழில் எழுதுகிறவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் அங்கே உட்கார முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## வழி 5: வேறு எதையாவது படித்துவிட்டு, மாலையில் எழுதுவது

என் சார்பு இங்கேதான்.

தமிழ் எழுத்தை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1950-ல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்ற ஒன்றை நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம் வரும், பயிற்சி வரும், வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள், தரம் பிரித்துச் சொல்வார்கள். மலாயா, சிங்கப்பூர் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறை அப்படித்தான் எழுதப் பழகியது. பிரிட்டனில் முதல் முதுகலை வருவதற்கு இருபது வருடம் முன்னால், தபால் செலவில். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1952-ல் மாணவர் மணிமன்ற மலரைத் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது.

அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் கதைக்களம் என்ற சிறுகதைக் கூட்டத்தை நடத்துகிறது, கவிதைக்குக் கவிமாலை இருக்கிறது, நூலகங்களில் வாசகர் வட்டங்கள் கூடுகின்றன. கட்டணம் கிடையாது. மசால்வடையும் தேநீரும் கிடைக்க வாய்ப்புண்டு. ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா. தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது 1993-ல் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நான்கு மொழியிலும், சிறுகதைக்கும் கவிதைக்கும். புதியவர்களுக்கு அதைவிட நல்ல காலக்கெடு கிடையாது. புத்தகம் வந்துவிட்டால் சிங்கப்பூர் இலக்கியப் பரிசுக்கும் அனுப்பலாம், அங்கேயும் தமிழுக்குத் தனி இடம் உண்டு.

தொழில் எழுத்தையும் நான் இப்படித்தான் கற்றேன். ஆரம்பத்தில் ஒரு துண்டறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் மூன்று குட்டிச் சொல் கொண்ட ஒரு பொத்தான். நான் "இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று எழுதினேன். கட்டத்துக்கு வெளியே வழிந்தது. "இன்றே பதியுங்கள்" என்று சுருக்கினேன், அடங்கியது. மறுநாள் வடிவமைப்பாளர் அனுப்பிய பக்கத்தில் "இன்றே"வின் இரட்டைக்கொம்பு றகரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, மென்பொருளில் ஓர் அமைப்பு தவறு. அச்சுக்குப் போயிருந்தால் புளோக்குக்குப் புளோக் மின்தூக்கி வாசலில் என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டியிருப்பார்கள். அன்று முதல் அச்சுக்கு முந்திய கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. எந்தப் பாடத்திட்டத்திலும் இது எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வழியின் மறைசெலவுகள் குறைவானவை அல்ல. கெடு இல்லை, அதனால் பாதிப் பேர் எழுதுவதே இல்லை. கூட்டங்களில் நாற்பதைத் தாண்டியவர்களே அதிகம், இருபது வயதுப் பிள்ளைக்குக் கூட்டாளி கிடைப்பது சிரமம். பாராட்டு தாராளமாகக் கிடைக்கும், அதை ரொம்ப நம்பிவிடக்கூடாது. சொந்தக் காசில் புத்தகம் போடும் ஆசை சீக்கிரம் வந்துவிடும். ஐந்நூறு பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழாவில் நூறு போய், மீதி நானூறு கட்டிலுக்கடியில் கிடக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். ஒன்று என் வீடு.

## ஒரு பார்வையில்

| வழி | மொழி | காலம் | அதிகம் எழுதுவது | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| மாஸ் காம் டிப்ளோமா | ஆங்கிலம் | 3 வருடம் | செய்தி, விளம்பரம், திரைக்கதை | குழுவேலை, தமிழில் இடைவெளி |
| பல்கலைக்கழகம் | ஆங்கிலம் | பெரும்பாலும் 4 வருடம் | கட்டுரை, துணைப்பாடத்தில் கதை, கவிதை | மதிப்பெண் பயம், விளக்கும் பழக்கம் |
| தமிழ்ப் பட்டம், பகுதிநேரம் | தமிழ் | 4 வருடமோ மேலோ | இலக்கியக் கட்டுரை | இரவுகள், குடும்ப நேரம் |
| முதுகலை | ஆங்கிலம் | 1 முதல் 2 வருடமோ மேலோ | சொந்தக் கையெழுத்துப்படி | பெரிய கட்டணம், நின்றுபோகும் சம்பளம் |
| வேலையும் மாலை எழுத்தும் | உங்கள் விருப்பம் | முடிவே இல்லை | நீங்கள் எழுதினால் உண்டு | கெடு இல்லாமை, எளிய பாராட்டு |

காசைப் பற்றி ஒரு குறிப்பு. இருபத்தைந்து வயதான குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சி நிதிக் கணக்கில் 500 வெள்ளியும், நாற்பதைத் தொட்டவர்களுக்கு 2024 முதல் மேலும் 4,000 வெள்ளியும் கிடைத்தது. அதை எந்தப் படிப்புக்குச் செலவழிக்கலாம் என்பதற்குத் தனிப்பட்டியல் உண்டு. பார்க்காமல் கணக்குப் போட வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் இங்கே கல்விக் கட்டண மானியம் வாங்கினால் படித்து முடித்து மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்தாக வேண்டும். பையன்களுக்கு நடுவில் இரண்டு வருடத் தேசிய சேவை. அந்த இரண்டு வருடத்தில் கைப்பேசியில் குறிப்பெழுதிக் கதையாக்கியவர்களும் உண்டு, படித்த தமிழையே மறந்தவர்களும் உண்டு.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு வருகிற வேலையில் பாதி இப்போது "எழுதித் தாருங்கள்" என்று வருவதில்லை, "இயந்திரம் எழுதியதைத் திருத்தித் தாருங்கள்" என்றுதான் வருகிறது. கூலி குறைவு, கண்ணுக்கு வேலை அதிகம். சாதாரணத் துண்டறிக்கையை மட்டும் நம்பி யாரும் தொழில் எழுத்துக்குள் வர வேண்டாம். பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று கேட்கத் தெரிந்தவருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

## மூவருக்கும் நான் சொன்னது

சரக்குக் கிடங்குக்காரருக்கு: முதுகலை இப்போது வேண்டாம். பதினைந்தில் சிறந்த கதையைக் கதைக்களத்துக்கு எடுத்துப் போங்கள், அடுத்த தங்கமுனைக்கு ஒன்றைத் தயார் செய்யுங்கள். இரண்டு வருடம் கழித்தும் ஒரு நாவல் உங்களைத் துரத்தினால் அப்போது பேசுவோம்.

பாலர் பள்ளி ஆசிரியைக்கு: தமிழ்ப் பட்டம். நீங்கள் எழுதப் போவது சிறுவர் கதை என்று உங்கள் செய்தியிலேயே மூன்று முறை வந்துவிட்டது. வேலையும் தமிழில், வாசகர்களும் காலையில் உங்கள் முன்னால் தரையில் உட்காருகிறவர்கள். எந்தக் கதையில் நெளிகிறார்கள் என்று அன்றன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டு இரவு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் என்பதை மட்டும் சேரும் முன் வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தாயாருக்குப் பதில் எழுதும் முன் ஒன்று கேட்டிருந்தேன்: பொண்ணு எந்த மொழியில் எழுதுகிறாள்? இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் வந்தது. "கேட்டேங்க. ரெண்டும் கலந்துதானாம். அப்பாயி பேசுறது தமிழ்ல, அவ மனசுக்குள்ள பேசுறது இங்லீஷ்ல. அது தப்பா?"

தப்பில்லை என்று எழுதினேன். மாஸ் காம், ஈஏஇ வழியாக. அந்தக் கலப்புக் கதையைத் திருத்தாமல் அப்படியே நேர்காணலுக்கு எடுத்துப் போகட்டும், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கட்டும். சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் வாசகர் வட்டம், மூன்று வருடமும் விடாமல். முதல் கூட்டத்துக்கு நீங்களும் கூடப் போங்கள், அங்கே அவளுடைய வயதில் யாரும் இருக்க மாட்டார்கள்.